குழந்தைகளின் தொற்றுநோய்களுக்கு ஆன்லைன் ஹோமியோபதி கோர்ஸ்: சேரலாமா?

கேள்வி இதுதான்: "சளி, காய்ச்சல் என்றால் பிள்ளைகளுக்கு ஹோமியோபதி உருண்டை கொடுப்பது எங்கள் வீட்டில் பழக்கம். குழந்தைகளின் தொற்றுநோய்கள் பற்றி எட்டு வார ஆன்லைன் கோர்ஸ் ஒன்று கண்ணில் பட்டது. தட்டம்மை, சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி, கக்குவான் எல்லாம் சொல்லித் தருவார்களாம், முடித்தால் சான்றிதழும் உண்டாம். எனக்கு மருத்துவப் படிப்பு கிடையாது. சேரலாமா? படித்து முடித்தபின் என் பிள்ளைகளுக்கும் தெரிந்தவர்கள் பிள்ளைகளுக்கும் நானே மருந்து பார்த்துக் கொடுக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கொடுக்கக் கூடாது. சேரலாமா என்பதற்கு அப்படி ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. ஹோமியோபதி எப்படி யோசிக்கிறது, இருநூறு வருடமாக அது என்ன சொல்லி வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை என்றால் படிக்கலாம், சுவாரசியமாகவே இருக்கும். தட்டம்மை வந்த பிள்ளையை வீட்டிலேயே வைத்து மருந்து பார்க்கலாம் என்ற எண்ணத்தில் சேர்கிறீர்கள் என்றால், வேண்டாம். அது ஏன் என்றுதான் மீதியை எழுதுகிறேன்.

இந்த மாதிரி கோர்ஸ்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு நோய். முதலில் அறிகுறிகள், அடுத்து அந்த நோய்க்கு ஐந்தாறு மருந்துகளின் 'படம்', கடைசியில் ஆசிரியர் குணப்படுத்திய ஒரு கேஸ். மருந்துப் படம் என்பது இப்படி இருக்கும்: தட்டம்மையில் பிள்ளை அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டு அழுகிறது, தண்ணீரே கேட்கவில்லை, கண்ணில் பீளை கட்டுகிறது என்றால் பல்சட்டிலா. காய்ச்சல் திடீரென ஏறி, முகம் சிவந்து, தொட்டால் கை சுடுகிறது என்றால் பெல்லடோனா. சின்னம்மையில் அரிப்புத் தாங்காமல் புரண்டுகொண்டே இருந்தால் ரஸ்டாக்ஸ். நள்ளிரவுக்குமேல் கூடும் கக்குவான் இருமலுக்கு டிரொசேரா. படிக்கப் படிக்க நம் பிள்ளையையே யாரோ பார்த்து எழுதியதுபோல் தோன்றும். இதன் கவர்ச்சியே அங்குதான் இருக்கிறது. அவசரமாக எட்டிப் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பும் டாக்டரிடம் கிடைக்காத கவனம் இதில் கிடைக்கிறது. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பார் என்று ஒரு பாடம் சொல்லித் தருவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எதைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். எந்தப் பக்கம் படுக்கிறது, தாகம் உண்டா, போர்வையை உதறுகிறதா, யார் மடிக்குப் போகிறது. இதெல்லாம் மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கான குறிப்புகள். தட்டம்மை வந்த பிள்ளையின் உயிருக்கு ஆபத்தா இல்லையா என்று காட்டுவது வேறு சில விஷயங்கள்: நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, எழுப்பினால் விழிக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனது. ஒரு பாடத்திட்டத்தில் முதல் பட்டியல் பத்துப் பக்கமும் இரண்டாவது அரைப் பக்கமும் இருந்தால், அந்தக் கோர்ஸ் எதை முக்கியமாக நினைக்கிறது என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

கொஞ்சம் வரலாறு. ஹோமியோபதியை உருவாக்கிய ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன், 'ஒத்ததை ஒத்தது குணப்படுத்தும்' என்ற தன் கருத்தை 1796-ல் வெளியிட்டார். குழந்தைகளின் தொற்றுநோய் அவருக்குத் தொடக்கத்திலேயே முக்கியமான களம். 1799-ல் ஜெர்மனியில் கோனிக்ஸ்லுட்டர் என்ற ஊரில், தொண்டை வலியோடு உடலெங்கும் சிவப்புத் தடிப்பு வரும் ஸ்கார்லட் காய்ச்சல் பரவியது. ஒரு வீட்டில் மற்றப் பிள்ளைகள் படுத்துவிட, வேறொரு உபாதைக்காகப் பெல்லடோனா சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தை மட்டும் தப்பியதைப் பார்த்தார். பெல்லடோனா இந்தக் காய்ச்சலைத் தடுக்கும் என்று முடிவுகட்டி, 1801-ல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். பெரும்பாலான கோர்ஸ்களில் இந்தக் கதை வந்துவிடும். தொடர்ச்சிதான் வராது. பிறகு பெல்லடோனா பலிக்காத இடங்கள் வந்தபோது, அங்கே பரவுவது உண்மையான ஸ்கார்லட் காய்ச்சலே அல்ல, வேறொரு சிவப்புத் தடிப்பு நோய், அதற்கு வேறு மருந்து என்று ஹானிமன் விளக்கம் சொன்னார். நோய்க்குக் கிருமிதான் காரணம் என்பது அவர் காலத்தில் நிரூபணமாகவில்லை, அதனால் இதை யாரும் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஸ்கார்லட் காய்ச்சலுக்குக் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா என்பது 1920-களில் உறுதியானது. இன்று அதற்கு ஆண்டிபயாடிக் இருக்கிறது. சரியாகக் கொடுத்தால் பின்னால் இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலையும் தடுக்கலாம். பெல்லடோனா உருண்டையோடு காத்திருப்பவர் இழப்பது அந்த வாய்ப்பை.

டிரொசேராவின் கதையும் இதே ரகம். முப்பதாவது பொட்டன்சியில் (மூலப்பொருளை எத்தனை முறை கரைத்தது என்ற கணக்குதான் பொட்டன்சி) ஒரே ஒரு வேளை கொடுத்தால் ஏழெட்டு நாளில் கக்குவான் நிச்சயம் குணமாகும் என்று ஹானிமன் எழுதி வைத்தார். கக்குவானை நேரில் பார்த்தவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் அது சாதாரணச் சளி மாதிரியே இருக்கும். பிறகுதான் தொடர் இருமல்: மூச்சு வாங்க இடைவெளி இல்லாமல் பத்துப் பதினைந்து தடவை இருமி, முகம் கறுத்து, கடைசியில் 'ஹூப்' என்ற சத்தத்தோடு காற்றை இழுத்து, வாந்தி எடுத்து ஓய்ந்து கிடக்கும். இது வாரக்கணக்கில் நீடிக்கும். 'நூறு நாள் இருமல்' என்று சும்மா சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த 'ஹூப்' சத்தம் வராமலே போகலாம். இருமல்கூடப் பெரிதாக இருக்காது. திடீரென மூச்சு நின்று நீலமாகிவிடும். இருமலின் சத்தத்தையும் நேரத்தையும் வைத்து மருந்து தேடப் பழகியவருக்கு, இருமவே இருமாத இந்தக் குழந்தை கண்ணிலேயே படாது. அசித்ரோமைசின் போன்ற ஆண்டிபயாடிக்கும் தொடக்கத்தில் கொடுத்தால்தான் நோயின் கடுமையைக் குறைக்கும். பின்னால் கொடுத்தால் மற்றவர்களுக்குப் பரவுவதைத் தடுப்பதோடு சரி.

"அப்படியானால் ஆசிரியர் காட்டும் கேஸ்கள் எல்லாம் பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய்யாக இருக்க வேண்டியதில்லை. குழந்தைகளின் தொற்றுநோய்களில் பல தாமாகவே அடங்குபவை, அதுவும் கணக்குப்போட்டாற்போல். தட்டம்மையில் மூன்று நான்கு நாள் காய்ச்சலும் இருமலும் கண் சிவப்பும் இருந்தபின், காதுக்குப் பின்னாலும் நெற்றி ஓரத்திலும் தடிப்பு தொடங்கி உடலுக்கு இறங்கும். தடிப்போடு காய்ச்சல் உச்சத்துக்குப் போய், அடுத்த மூன்று நான்கு நாளில் இறங்கும். சின்னம்மையில் சில நாள் புதுக் கொப்புளங்கள் வந்து நின்றுவிடும். உச்சத்தில் இருக்கும்போதுதான் பெற்றவர்கள் பதறி மருந்து கேட்பார்கள். அன்று எதைக் கொடுத்தாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ பிள்ளை தேறத்தான் செய்யும். ஒரு மருந்துக்குக் கேட்காமல் இரண்டாவது மருந்துக்கு மாற்றியிருந்தால் பெயர் இரண்டாவதற்குப் போகும். எத்தனை நேர்மையான ஆசிரியரும் இதில் ஏமாறலாம். அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு தேவைப்படுகிறது.

அப்படிப் பார்த்தவர்களும் உண்டு. கோர்ஸ்களில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது 1994-ல் நிகராகுவாவில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் நடந்த ஆய்வு. ஹோமியோபதி பெற்ற பிள்ளைகள் சற்று சீக்கிரம் தேறினார்கள் என்று அதில் வந்தது. எண்பத்தொரு பிள்ளைகள்தான், எல்லோருக்குமே உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். கொடுக்கப்பட்டிருந்தது. அதே ஆய்வாளர் பிறகு ஹோண்டுராசில் இன்னும் அதிகமான பிள்ளைகளிடம் ஒரு கூட்டு மருந்தைச் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார். மருந்து சேர்க்காத வெறும் உருண்டைக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முதல் ஆய்வைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விழுங்கும் கோர்ஸை நம்பாதீர்கள். குழந்தைகளின் மூச்சுப்பாதைத் தொற்றுகள் பற்றிய ஆய்வுகளை 2018-ல் அலசிய காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) குழுவும் நம்பத்தக்க பலன் எதையும் காணவில்லை. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, காசநோய், மலேரியா, எச்.ஐ.வி., இன்ஃபுளூயென்சா ஆகியவற்றுக்கு ஹோமியோபதியைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லிவிட்டது.

பலன் இல்லாததற்குக் காரணமும் புரியாத புதிர் ஒன்றும் அல்ல. 30சி பொட்டன்சி என்றால் நூறில் ஒரு பங்காகக் கரைப்பதை முப்பது முறை செய்வது, அதாவது ஒன்றுக்குப் பின் அறுபது பூஜ்ஜியம். பன்னிரண்டாவது முறையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சியிருக்கும் வாய்ப்பு போய்விடுகிறது. குறைந்த பொட்டன்சி என்றால் கதை வேறு, அதில் பொருள் உண்மையிலேயே இருக்கும். பல் முளைக்கும் குழந்தைகளுக்கு விற்ற ஹோமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனா அளவு தாறுமாறாக, சிலவற்றில் லேபிளில் போட்டிருப்பதைவிட மிக அதிகமாக இருந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல் எச்சரித்தது. 'பக்கவிளைவே கிடையாது' என்ற வரி விளம்பரத்தில் இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நோசோடு. நோயுற்ற பொருளிலிருந்தே தயாரித்துக் கரைத்த மருந்துக்கு இந்தப் பெயர். தட்டம்மைக்கு மார்பிலினம், கக்குவானுக்குப் பெர்ட்டுசின் என்று வரிசையாக இருக்கின்றன. சில கோர்ஸ்களில் இதை 'ஹோமியோபதி தடுப்பூசி' என்றே கற்றுத் தருகிறார்கள். சிலர் கோர்ஸோடு ஒரு நோசோடு பெட்டியையும் விற்கிறார்கள். 2018-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில் 150 பல்கலைக்கழக மாணவர்களைப் பிரித்து, சிலருக்கு வழக்கமான தடுப்பூசி, சிலருக்கு நோசோடு, சிலருக்கு வெறும் உருண்டை கொடுத்து ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை அளந்தார்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கு ஏறியது. நோசோடு சாப்பிட்டவர்களுக்கும் வெறும் உருண்டை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. தடுப்பூசிக்குப் பதில் நோசோடு போதும் என்று எந்த வடிவில் சொன்னாலும், ஜாடையாகச் சொன்னாலும் சரி, அந்த இடத்திலேயே கோர்ஸை மூடிவிடலாம். இதில் நான் இழுபறிக்குத் தயாரில்லை.

ஜாடையாகச் சொல்வதில் முக்கியமானது 'குழந்தைப் பருவ நோய்கள் வந்து போனால்தான் எதிர்ப்புச் சக்தி முதிரும்' என்பது. கேட்க இதமாக இருக்கும். தட்டம்மை விஷயத்தில் இது நேர்த் தலைகீழ். நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத பிள்ளைகளின் ரத்தத்தை, தட்டம்மை வருவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். மற்ற நோய்களுக்கு எதிராக முன்பே சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருளில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்துபோயிருந்தது. எதிர்ப்புச் சக்தியின் நினைவையே தட்டம்மை துடைத்துவிட்டுப் போகிறது. அதனால்தான் தேறிய பிள்ளைகூட அடுத்த மாதங்களில் நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று மாறி மாறிப் படுக்கிறது. ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளையில் அழற்சி வருகிறது. 1963-ல் தடுப்பூசி வருவதற்குமுன் உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 26 லட்சம் பேரைக் கொண்டுபோன நோய் இது.

இனி, என்னை உண்மையாகவே பயமுறுத்தும் பாடத்துக்கு வருகிறேன். ஹோமியோபதியில் 'அக்ராவேஷன்' என்று ஒரு கருத்து உண்டு. சரியான மருந்து கொடுத்தால் முதலில் நோய் கொஞ்சம் கூடும், பிறகு குறையும், கூடுவது மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்பார்கள். நாள்பட்ட தோல் அரிப்பில் இப்படி நம்பிக் காத்திருந்தால் நஷ்டம் சிறியது. தொற்றுநோயில் அப்படி அல்ல. தடிப்பு வந்து நான்கு நாள் தாண்டியும் காய்ச்சல் இறங்கவில்லை, அல்லது இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறுகிறது என்றால் நிமோனியாவோ காதில் சீழோ தொடங்கியிருக்கலாம். பாடத்தில் படித்தவர் 'அக்ராவேஷன், இன்னும் ஒரு நாள் பொறுப்போம்' என்பார். இதோடு 'தடிப்பை உள்ளே அமுக்கக் கூடாது, காய்ச்சலை இறக்கக் கூடாது' என்ற பாடமும் சேர்ந்துகொண்டால், பிள்ளை மோசமாவதற்கு எல்லாக் கட்டத்திலும் ஒரு நல்ல விளக்கம் கையில் தயாராக இருக்கும். 2017-ல் இத்தாலியில் ஏழு வயதுப் பையன் ஒருவனின் காதுத் தொற்றுக்கு ஆண்டிபயாடிக் கொடுக்காமல் ஹோமியோபதி மட்டும் பார்த்தார்கள். தொற்று மூளைக்குப் பரவி அவன் இறந்துபோனான். அந்த வீட்டில் அன்பு குறைவு என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே கோர்ஸ் நடத்துபவரிடம் சேருவதற்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "கொடுத்த மருந்து தோற்றுவிட்டது என்று எந்த அடையாளத்தைப் பார்த்து, எத்தனை மணி நேரத்துக்குள் முடிவு செய்யச் சொல்லித் தருகிறீர்கள்?" எழுத்தில் பதில் வாங்குங்கள். தெளிவாக, எண்களோடு, 'இந்த நிலையில் உருண்டையை ஓரமாக வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ' என்று எழுதித் தருபவர் இருந்தால் அவரிடம் மற்ற விவரங்களையும் விசாரிக்கலாம். கேஸ்களில் நோய் ஆய்வகச் சோதனையில் உறுதியானதா, வாட்ஸ்அப் படத்தைப் பார்த்தே தட்டம்மை என்று முடிவு செய்ததா என்பதை அப்போது கேட்கலாம். 'ஒவ்வொரு பிள்ளையும் தனி ரகம், அப்படி விதி போட முடியாது', 'மருந்தை மாற்றிப் பார்ப்போம், பொட்டன்சியைக் கூட்டுவோம்' என்று பதில் வந்தால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

எப்படியும் படிக்கத்தான் போகிறீர்கள் என்றால், முதல் வகுப்புக்கு முன்பாகவே சில விஷயங்களை ஹோமியோபதிக்கு வெளியே கற்றுக்கொள்ளுங்கள். மூச்சு எண்ணுவது முதலாவது. பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், சின்னக் குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, இரண்டு முதல் பதினோரு மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையை எட்டினாலே வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அடுத்தது கண்ணாடி டம்ளர் சோதனை. காய்ச்சலோடு சிவப்பு அல்லது ஊதாப் புள்ளி வந்தால் டம்ளரின் பக்கவாட்டை அதன்மேல் அழுத்துங்கள். அழுத்தும்போது மறையாவிட்டால் மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். கருநிறத் தோலில் புள்ளி தெரிவது கடினம், உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் பாருங்கள். தடிப்பு வருமுன்பே தட்டம்மையைக் காட்டிக்கொடுக்கும் ஒன்றும் உண்டு: கன்னத்தின் உட்பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, சிவப்பின்மேல் உப்புத்தூள் சிந்தியதுபோல் சின்ன வெள்ளைப் புள்ளிகள். மூன்று மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸைத் தொட்ட எந்தக் காய்ச்சலும் வீட்டு வைத்தியத்துக்கு உரியது அல்ல. வலிப்பு, மயக்கம், பால் குடிக்க மறுப்பது, குடித்ததையெல்லாம் கக்குவது, தொண்டையில் சாம்பல் நிறப் படலம், இவையும் அப்படித்தான். அந்தப் படலம் தொண்டை அடைப்பானாக (டிப்தீரியா) இருந்தால், சிகிச்சை கொடுத்தும்கூடப் பத்தில் ஒருவர் வரை இறக்கும் நோய். நச்சுமுறி மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது.

உறுதியான பலன் உள்ள எளிய சிகிச்சைகளும் இருக்கின்றன. கோர்ஸ்களில் அவற்றுக்கு இடம் கிடைப்பது அரிது. தட்டம்மை வந்த பிள்ளைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்கு மேல் வேளைக்கு 2,00,000 யூனிட், ஆறு முதல் பதினோரு மாதம் வரை 1,00,000, அதற்கும் கீழ் 50,000. அளவு கூடினால் கெடுதல் என்பதால் டாக்டர் கையால்தான் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்., கூடவே துத்தநாகம். சின்னம்மையில் ஆஸ்பிரின் கூடவே கூடாது. ரேயி சிண்ட்ரோம் என்று ஈரலையும் மூளையையும் தாக்கும் அபாயம் அதில் இருக்கிறது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும்.

சான்றிதழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோர்ஸை முடித்தீர்கள் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவே. ஹோமியோபதிக்கே முறையான பட்டமும் பதிவும் கேட்கும் நாடுகளில், எட்டு வார வீடியோவுக்குக் கிடைத்த காகிதத்தை வைத்துப் பிறர் பிள்ளைக்கு மருந்து கொடுப்பது சட்டச் சிக்கலில் கொண்டு விடும். சட்டம் இடம் கொடுத்தாலும் தட்டம்மை, தொண்டை அடைப்பான் போன்றவை பல நாடுகளில் சுகாதாரத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டிய நோய்கள். நீங்கள் வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டால் அந்தத் தகவல் போய்ச் சேராது. தட்டம்மைக்காரர் வெளியேறிய அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் இருக்கும். தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். பக்கத்து வீட்டில் தடுப்பூசி வயதை எட்டாத கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கலாம். தெரிந்தவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தால், மூச்சை எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கையை ஒரு காகிதத்தில் நேரத்தோடு குறித்துக் கையில் கொடுங்கள், டாக்டரிடம் அனுப்புங்கள். அந்தக் காகிதம் அங்கே பயன்படும்.